நடுவர் முன்னால் நிற்கும் அந்த ரெண்டு நிமிஷம்

சாத்தான்குளம் என்றதும் நம் எல்லோருக்கும் காவல் நிலையம்தான் ஞாபகம் வரும். லத்தி, அந்த இரவு, ரத்தம். அதற்கு மறுநாள் நடந்ததை நாம் மேடையில்கூட அதிகம் பேசியதில்லை. இன்றைக்குப் பேசுவோம்.

2020 ஜூன் 19, வெள்ளிக்கிழமை. ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி ஜெயராஜைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பாவைத் தேடிப் போன பென்னிக்ஸையும் உள்ளே வைத்தார்கள். இரவெல்லாம் அடி. சனிக்கிழமை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் நனைந்த லுங்கிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தோம் என்று குடும்பத்தார் கதறினார்கள். ஆனாலும் ‘சிறைக்கு அனுப்பலாம்’ என்று சான்றிதழ் கிடைத்துவிட்டது. அடுத்து நீதித்துறை நடுவர். மாடியில் இருந்தபடியே பார்த்துவிட்டுக் கையசைத்து அனுப்பிவிட்டார் என்பது அப்போதே எழுந்த குற்றச்சாட்டு. ரிமாண்டு ஆனது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டி கிளைச் சிறை. ஜூன் 22 இரவு மகன் போனார். 23 காலையில் அப்பா போனார்.

அடித்தது போலீஸ். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அடி வாங்கிய இரண்டு பேரும் உயிரோடு ஒரு டாக்டர் முன்னால் நின்றார்கள், உயிரோடு ஒரு நடுவர் முன்னால் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த இடத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், “சட்டையைக் கழட்டுப்பா, பார்க்கலாம்” என்று சொல்லியிருந்தால்?

குற்ற வழக்கில் முதல் ஆஜர் என்பது அந்த இடம்தான். ‘அது ஒரு ஃபார்மாலிட்டி’ என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போலீஸ் சொல்லும், கோர்ட் வாசலில் நிற்கும் புரோக்கர் சொல்லுவார், சில நேரம் நம் வக்கீலே சொல்லுவார். நம்பாதீர்கள். அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு, கைதான எவரையும் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்னால் நிறுத்தச் சொல்வது கையெழுத்து வாங்குவதற்காக அல்ல. போலீஸ் கையிலிருந்து உங்கள் உடம்பை வெளியே எடுத்து, வேறொருத்தர் கண்ணால் பார்ப்பதற்காக. திருப்புவனம் அஜித்குமாருக்கு அதுவும் கிடைக்கவில்லை. மடப்புரம் கோயில் காவலாளி. 2025 ஜூன் கடைசியில், நகை காணோம் என்ற புகாருக்கு ‘விசாரணை’ என்று அழைத்துப்போனார்கள். எந்த நடுவரையும் பார்க்காமலே செத்துப்போனார்.

இதெல்லாம் தெற்கே நடப்பது, நம்ம உத்திரமேரூர் பக்கம் அப்படி இல்லை என்று யாராவது நினைத்தால், பக்கத்து மாவட்டத்தைப் பாருங்கள். செய்யாறு மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் என்று உட்கார்ந்த விவசாயிகள். 2023 நவம்பரில் 20 பேர் கைது. அதில் 7 பேர் மீது குண்டர் சட்டம்! நெல் போட்டவன் குண்டர். ஊரே கொதித்த பிறகு 6 பேர் மீதான உத்தரவை அரசே திரும்பப் பெற்றது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். பெரும்பாலும் குண்டர் சட்ட உத்தரவு எங்கே வந்து சேரும் தெரியுமா? ஏற்கெனவே ரிமாண்டில் சிறைக்குள் இருப்பவர் கைக்கு. ‘ஜாமீனில் வெளியே வந்துவிடுவார்’ என்பதையே காரணமாகக் காட்டி அந்த உத்தரவு எழுதுவார்கள். ஆக, முதல் நாள் ரிமாண்டை எதிர்க்காமல் விட்டால், அடுத்த பொறிக்குள் நாமே போய் உட்கார்ந்த கதை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நீங்கள் மானாம்பதி என்று வைத்துக்கொள்வோம். குவாரி லாரி ஓடி ரோடு பல்லாங்குழியாகிவிட்டது. மனு கொடுத்துப் பார்த்தாச்சு. ஒரு நாள் காலையில் முப்பது பேர் ரோட்டில் உட்காருகிறீர்கள். போலீஸ் வருகிறது, வேனில் ஏற்றுகிறது, கல்யாண மண்டபத்தில் உட்கார வைக்கிறது. சாம்பார் சாதம். சாயங்காலம் ‘கிளம்புங்க’. போட்டோ எடுத்து இதே பக்கத்தில் போடுகிறோம். நீங்களும் லைக் போடுகிறீர்கள். முடிந்தது என்று நினைக்கிறோம்.

முடியவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வீட்டுக்கு சம்மன் வரும்.

அல்லது இன்னொரு வழி. அன்றைக்கே நாலு பேரைத் தனியாகப் பிரித்து, ‘அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தார்கள்’ என்று ஒரு பிரிவைச் சேர்ப்பார்கள். பழைய 353, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 132. எதற்குச் சேர்க்கிறார்கள்? சட்டவிரோதமாகக் கூடியது, வழி மறித்தது, உத்தரவை மீறியது எல்லாம் ஜாமீன் உரிமையுள்ள குற்றங்கள். ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும். இந்த ஒரு பிரிவைச் சேர்த்தால் ஜாமீனில் விடக்கூடாத குற்றமாகிவிடும். யாரையும் தொட்டிருக்கவே வேண்டாம், ஒரு வரி எழுதினால் போதும், உள்ளே. தமிழ்நாட்டில் எந்தக் கட்சி ஆட்சியிலும் இந்த ஒரு வரி மாறியதே இல்லை.

இந்த இரண்டாவது வழியை முதலில் பார்ப்போம்.

கைது ஆனதும் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். வாயால் சொன்னால் போதாது. எல்லாக் குற்றத்துக்கும் எழுத்தில், கைதானவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும், தாமதமானாலும் நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் தந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் சொல்லிவிட்டது. புரிகிற மொழியில்! சட்டத்தின் பெயரே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. மானாம்பதியில் ஏர் ஓட்டுகிற மனுஷன் இதை ஒரு மூச்சில் சொல்லிக் காட்டட்டும். 2024 ஜூலை 1 முதல் இதுதான் நடைமுறை. பெயரில் இருக்கும் இந்தி வேண்டாம் என்று நாம் போராடுவது வேறு, உள்ளே இருக்கும் உரிமையைப் பிடித்துக்கொள்வது வேறு. இரண்டையும் செய்வோம்.

ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால் கைதே தானாக நடக்கக்கூடாது. நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம், கைது ஏன் தேவை என்று போலீஸ் எழுதியாக வேண்டும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. அந்தக் காரணத்தைப் பார்க்காமல், எழுதாமல் ரிமாண்டு செய்யும் நடுவர் மீதே உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் வக்கீல் எழுந்து “35(3) நோட்டீஸ் கொடுத்தீங்களா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்கிற வக்கீல்தான் வேண்டும். ரிமாண்டு ரிப்போர்ட்டைக்கூடப் படிக்காமல் பின்னால் கை கட்டி நிற்பவர் வேண்டாம்.

வக்கீல் இல்லையா? காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டம் அது. “ஐயா, எனக்கு வக்கீல் இல்லை, சட்ட உதவியில் ஒருத்தர் வேண்டும்” என்று நடுவரிடமே கேளுங்கள். வெளியே இருக்கும் குடும்பத்தார் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம்.

இனி அந்த ரெண்டு நிமிஷம். கோர்ட் ஹாலில்தான் நடக்கும் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி நேரம் என்றால் நடுவரின் வீட்டு வாசலில் நடக்கும். வேனை விட்டு இறக்குவார்கள், பெயர் கேட்பார்கள், அப்பா பெயர் கேட்பார்கள். ‘போலீஸ் அடிச்சாங்களா?’ என்று ஒரு கேள்வி வரும். வராமலும் போகும்.

போகிற வழியிலேயே வேனுக்குள் ஒரு பாடம் நடந்திருக்கும். “அங்க ஏதாச்சும் சொன்ன, திரும்பி எங்ககிட்டதான் வரணும், ஞாபகம் வச்சுக்கோ.” பச்சைப் பொய் தோழர்களே! நீதிமன்றக் காவல் என்று உத்தரவானால் நீங்கள் போவது சிறைக்கு. ஸ்டேஷனுக்கு அல்ல. போலீஸ் காவல் வேண்டும் என்றால் அவர்கள் தனியாக மனு போட்டு, காரணம் காட்டி, உங்களை நேரில் நிறுத்தித்தான் கேட்க முடியும். அதற்கு வீடியோ எல்லாம் செல்லாது. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: புதிய சட்டத்தில் அந்த 15 நாள் போலீஸ் காவலை முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் துண்டு துண்டாகவும் கேட்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். முன்பு முதல் 15 நாளோடு அந்தப் பயம் போய்விடும். இப்போது தலைக்கு மேல் தொங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதல் நாளே காயத்தைப் பதிவு செய்வது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. பதிவாகிவிட்டால் அடுத்த முறை தொட யோசிப்பார்கள்.

எனவே கேட்டாலும் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். “ஐயா, என்னை அடிச்சாங்க. முதுகில, தொடையில வீங்கியிருக்கு. காட்டுறேன்.” அழ வேண்டாம், கத்த வேண்டாம், வசனம் வேண்டாம். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதால். அதோடு, டாக்டர் உண்மையிலேயே தொட்டுப் பார்த்தாரா, நின்ற இடத்திலேயே சீட்டு எழுதினாரா என்பதையும் சொல்லுங்கள். பதினெட்டு வயசு ஆகாத தம்பி யாராவது கூட்டத்தோடு மாட்டியிருந்தால் வயசை முதல் வார்த்தையாகச் சொல்லட்டும். அவன் நிற்க வேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம், அந்தக் கோர்ட்டே அல்ல.

நீதித்துறை முழுக்க இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போக நமக்கு மனசு வராது. அதே சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குள் விசாரணைக்குப் போனவரும் ஒரு நடுவர்தான், கோவில்பட்டிக்காரர். போலீஸ்காரர்கள் அவரை ஒருமையில் பேசி அவமதித்தார்கள். கேமரா பதிவு அன்றன்றைக்குத் தானாகவே அழியும்படி வைத்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்து உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். உண்மையைச் சொன்ன தலைமைக் காவலர் ரேவதியின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தவரும் அவரே. ஸ்டேஷனையே வருவாய்த் துறை கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டது மதுரைக் கிளை. ஒரு நடுவர் ஏறிட்டுப் பார்ப்பதற்கும் பார்க்காமல் விடுவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது இந்த ஒரே வழக்கில் தெரிகிறது.

இப்போது சம்மன் வந்த கதை. மானாம்பதியில் அதிகம் பேருக்கு நடக்கப்போவது இதுதான்.

சம்மனை வாங்க மறுக்காதீர்கள், ஒளியாதீர்கள். தேதிக்குப் போகாவிட்டால் பிடிவாரண்டு. சாலை மறியல் வழக்கில் ஒரு சொந்த ஜாமீனோடு முடிய வேண்டியது, பிடிவாரண்டு ஆனால் விடியற்காலையில் வீட்டுக் கதவைத் தட்டும். தேதி எது, எந்தக் கோர்ட் என்பதை ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் பெயரைப் போட்டே பார்த்துக்கொள்ளலாம்.

காலை பத்து மணிக்கே போய்விடுங்கள். கட்சித் துண்டு வெளியே இருக்கட்டும், வேட்டியை மடித்துக் கட்டாதீர்கள், போனை அணைத்துவிடுங்கள். டவாலி பெயரைக் கூப்பிடும்போது டீக்கடையில் இருந்தால் அவர் நமக்காகக் காத்திருக்க மாட்டார். கூப்பிட்டால் கூண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அன்றைக்கு சாட்சி, விசாரணை ஒன்றும் நடக்காது. ஆஜரானதைக் குறித்துக்கொள்வார்கள், குற்றப்பத்திரிகை நகல் கொடுப்பார்கள். அது இலவசம், உரிமை. பக்கத்தை எண்ணி வாங்குங்கள், சாட்சி வாக்குமூலம் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். ஜாமீன்தாரர் கேட்டால் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோடு ஒருத்தரைத் தயாராக வைத்திருங்கள். பிறகு அடுத்த வாய்தா. ஐந்து நிமிஷம் ஆகாது. அந்த ஐந்து நிமிஷத்துக்காக ஒரு நாள் கூலி போகும், அது தனிக் கொடுமை.

ஆனால் எச்சரிக்கை. அந்த ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வராந்தாவில் ஒருத்தர் வருவார். நல்ல மனுஷன் மாதிரியே பேசுவார். “எதுக்குப்பா வருஷக்கணக்கா அலையணும்? ஒத்துக்கோ, ஃபைன் கட்டு, இன்னைக்கே முடிஞ்சுபோச்சு.” சின்ன வழக்கென்றால் முதல் நாளே ‘குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா?’ என்று நடுவரும் கேட்கக்கூடும். சும்மா தலையாட்டிவிட்டு சில நூறு ரூபாய் கட்டிவிட்டு வந்தால் அலைச்சல் முடியும், உண்மைதான். கூடவே நீங்கள் குற்றவாளி என்று தீர்ப்பு ஆகிவிடும். உங்கள் தம்பி போலீஸ் தேர்வு எழுதி, ஓட்டம் ஓடி, உயரம் அளந்து எல்லாவற்றிலும் தேறி, கடைசியில் பின்புலம் சரிபார்க்கும்போது அந்தச் சில நூறு ரூபாய் ரசீது எழுந்து நிற்கும். பாஸ்போர்ட்டுக்கும் அதே கதை. ரோடு கேட்டது குற்றம் என்று நம் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நாம் ஒப்புக்கொள்ளலாமா?

அதுவும், இந்த வழக்குகளில் பாதிக்கு அடிப்படையே ஆட்டம். ‘அதிகாரியின் உத்தரவை மீறினார்கள்’ என்ற பழைய 188ஆவது பிரிவு இருக்கிறதே, இன்றைய 223, அதில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு வழக்கு நடத்த முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்று மதுரைக் கிளை 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அமைதியான போராட்டத்தை இந்தப் பிரிவைக் காட்டி முடக்கக்கூடாது என்பதும் அதன் சாரம். இந்தத் தீர்ப்பைக் காட்டி எத்தனையோ வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன. ரத்தாகக்கூடிய வழக்கில் நாமே போய் ‘ஆமாங்க ஐயா’ என்று தலையாட்டினால் அது யார் தப்பு?

நம் தப்பு. அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், மற்ற கட்சிக்காரன் சொல்வதற்கு முன்னால்.

கைதான அன்றைக்கு வேன் ஜன்னலில் முஷ்டி உயர்த்திய போட்டோவுக்கு ஆயிரக்கணக்கில் பகிர்வு. ஒன்றரை வருஷம் கழித்து அதே தோழர் தனியாக பஸ் பிடித்து, வக்கீலும் இல்லாமல், கூலியையும் விட்டுவிட்டு, கோர்ட் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பொறுப்பாளர் போனார்? யாரும் போகாததால்தான் வராந்தாக்காரர் பேச்சு அவருக்கு இனிக்கிறது. மறியலுக்கு அறிவிப்பு விட்ட நாம், வாய்தாவுக்கு ஒரு நாளும் அறிவிப்பு விட்டதில்லை. பழி முழுவதையும் போலீஸ் தலையில் கட்டிவிட்டு நாம் கை கழுவ முடியாது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய 2020 டிசம்பரில் பிரதமரே அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். வருகிற அமைச்சர் எல்லாம் குடவோலை, குடவோலை என்று பேசுகிறார்கள். அதே சுவரில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை ஓலையில் எழுதவே கூடாது, அவன் உறவுக்காரன் பெயரையும் எழுதக்கூடாது என்று இருக்கிறதே, அதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. அதிகாரத்தில் இருப்பவன் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பு கல்லில் வெட்டிய ஊரில், ஒரு மனுஷனைப் பிடித்து வைத்த 24 மணி நேரத்துக்குக் கணக்குக் கேட்க ஒரு நடுவர் தலை நிமிர்ந்து பார்க்கட்டும் என்பதுதான் நம் கோரிக்கை. பெரிய கோரிக்கையா இது?

நம்ம பங்குக்கு இன்றே ஒன்று செய்வோம். மானாம்பதி, பெருநகர், உத்திரமேரூர் சுற்றுவட்டத்தில் போராட்ட வழக்கில் பெயர் உள்ள தோழர்கள், சம்மன் வந்திருந்தாலும் வராவிட்டாலும், எஃப்.ஐ.ஆர். எண்ணையும் ஸ்டேஷன் பெயரையும் உங்கள் கிளைப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். கமென்ட்டில் போட வேண்டாம், நேரில் கொடுங்கள். பொறுப்பாளர்கள் ஒரு நோட்டு போட்டு வாய்தா தேதிகளை எழுதி வையுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் தோழரோடு கூட ஒருத்தர் போக வேண்டும், காலையில் கிளம்பி, பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்து, நகலை வாங்கிக்கொண்டு, அவரை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். அவருக்கு அன்றைய கூலி யார் கொடுப்பது என்பதை அடுத்த கிளைக் கூட்டத்தில் முதல் விஷயமாக வையுங்கள்.